போர்டில் மிஞ்சிய இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் வருடம் ஆனி மாதம் முதல், கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் இருந்த காசியம்மாள் வீட்டுச் சோற்றுப் பானையில், தினமும் மதியம் ஒன்றேகால் மணிக்கு ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்குக் குழி விழுந்தது. பானை மூடியே இருக்கும். மூடிமேல் பாரத்துக்கு வைத்த குழவிக்கல் வைத்தது வைத்தபடி இருக்கும். திறந்து பார்த்தால் நடுவில் நாலு கரண்டி சோறு இருக்காது. குழம்புச் சட்டியில் ஒன்றரைக் கரண்டி இறங்கியிருக்கும், பொரியலில் ஒரு கை, ஊறுகாயில் ஒரு துண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் எதுவும் குறையாது. காசியம்மாள் முதலில் பூனை என்று நினைத்தாள். பூனை குழவிக்கல்லைத் தூக்காது என்பதால் அடுத்தபடியாகப் பக்கத்து வீட்டு ஜெயம்மாளை நினைத்தாள். ஜெயம்மாள் மகள் பிரசவத்துக்கென்று இரண்டு மாதம் களமருதூர் போயிருந்தபோதும் குழி விழுந்ததால் அவளையும் விட்டாள். கடைசியில், வெள்ளிக்கிழமை விளக்குக்குப் பயப்படும் ஏதோ ஒன்று என்று முடிவுசெய்து, அடுப்படி வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, தினமும் ஒரு ஆளுக்குச் சேர்த்தே உலை வைக்க ஆரம்பித்தாள். வருவது எதுவானாலும் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறதே என்று சமாதானம் செய்துகொண்டாள். அதைவிடப் பெரிய கவலை அப்போது அவளுக்கு இருந்தது.

கவலை அவள் புருஷன் பொன்னுரங்கத்தின் நாக்கைப் பற்றியது. பொன்னுரங்கம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். தியாகதுருகத்தில் எந்தக் கடை இட்லி பூப்போல இருக்கும், சின்னசேலத்தில் எந்தத் தள்ளுவண்டிக்காரன் கேட்டால் இன்னொரு கரண்டி சால்னா ஊற்றுவான், உளுந்தூர்பேட்டையில் எந்தக் கடையில் டீயோடு நிறுத்திக்கொண்டு போண்டாவைத் தொடாமல் வந்துவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டிரைவர்களும் கண்டக்டர்களும் சாப்பிடப் போகுமுன் அவரிடம்தான் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காசியம்மாளையும் அழைத்துக்கொண்டு போய், திரை போட்ட ஃபேமிலி ரூமில் உட்காரவைத்து, பரோட்டாவின் அடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிப் பேசிக்கொண்டே சாப்பிடுவார். அங்கே பேசுகிற மனுஷன்தான் வீட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கல்யாணமாகிப் பதினாறு வருடம், பிள்ளை குட்டி இல்லாத வீடு, காசியம்மாள் வத்தக்குழம்பு வைத்தால் நைனார்பாளையத்துச் சொந்தமெல்லாம் தூக்குவாளி கொடுத்தனுப்பிக் கேட்டு வாங்கும். ஆனால் பொன்னுரங்கம் ஒரு நாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. வாயைத் திறந்தால் 'உப்பு கொஞ்சம் கம்மி' என்பார், அவ்வளவுதான். நல்லா இருக்கு என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பதினாறு வருடம் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

இந்த நிலையில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அஸ்ரப் நிஷா மெஸ் திறந்தது. கயிற்றுக்கடை கவுஸ் பாஷா முந்தின வருடம் காலமாகிவிட, அவர் மனைவி அஸ்ரப் நிஷா கடையைக் காலிசெய்து அதே இடத்தில் மதியச் சாப்பாடு போட முடிவுசெய்தாள். அவள் திரைக்குப் பின்னால் சமைப்பாள், தம்பி ஜமால் முகமது முன்னால் கல்லாவில் உட்காருவார், வெள்ளிக்கிழமை விடுமுறை. போர்டு எழுதப் பெயிண்டர் மாயவனைக் கூப்பிட்டு, 'இங்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்' என்று எழுதச் சொன்னார் ஜமால். மாயவன் கோடு போட்டுப் பார்த்தான். தகரம் நீளம், வாசகம் குட்டை. 'இங்கு'க்கும் 'வீட்டு'க்கும் நடுவில் ஒரு சாண் இடம் மிஞ்சியது. பூ வரைந்தால் ஒரு கட்சிக்காரன் சண்டைக்கு வருவான், சூரியன் வரைந்தால் இன்னொரு கட்சிக்காரன் வருவான், இலை வரைந்தால் மூன்றாமவன் வருவான். யோசித்து, மிஞ்சிய இடத்தில் 'உங்கள்' என்று எழுதிவிட்டான். 'இங்கு உங்கள் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.' வார்த்தைக்குக் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை என்பதால் ஜமாலும் அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் மெஸ் திறந்தது. காசியம்மாள் பானையில் முதல் குழி விழுந்ததும் அந்த மறுநாள்தான், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊரில் ஏழு வருடம் யாருக்கும் தோன்றவில்லை.

அதுவரை மதியம் வீட்டுக்கு நடந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பொன்னுரங்கம், வெள்ளிமலை பஸ்ஸை ஒன்று பத்துக்கு மலைக்கு அனுப்பிவிட்டு, ஒன்றேகாலுக்கு மெஸ்ஸில் இலை முன் உட்கார ஆரம்பித்தார். வெயிலில் நடக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மெஸ்ஸைப் பற்றிப் பேச்சு ஆரம்பமாகிவிடும். "இன்னா கொழம்புடி அது. நாக்குல வெச்சா அப்பிடியே நிக்குது. அந்தம்மா கையில இன்னாமோ இருக்குது." சொல்லிவிட்டு, காசியம்மாள் மதியம் வைத்து எடுத்துவைத்த அதே வத்தக்குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் போட்டு, "ம், உப்பு கொஞ்சம் கம்மி" என்பார். காசியம்மாளுக்கு வயிறு பற்றி எரியும். வேறொரு பெண்ணின் முகத்தைப் பற்றிப் பேசினால்கூட இரண்டு நாள் சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம். இவர் கையைப் பற்றிப் பேசுகிறார். அஸ்ரப் நிஷாவின் முகத்தைப் பொன்னுரங்கமும் பார்த்ததில்லை, திரை விலகி ஒரு கை வாளியை நீட்டும், அவ்வளவுதான். "அந்தக் கை எப்பிடி இருக்கும்?" என்று காசியம்மாள் ஒரு நாள் கேட்டேவிட்டாள். "கை மாதிரிதான் இருக்கும்" என்றார் பொன்னுரங்கம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் மனசுக்குள் விதவிதமான கைகளை வரைந்து பார்த்தாள். எல்லாமே அழகாக இருந்தன.

தன் கையில் குறை இல்லை, குறையெல்லாம் அடுப்படியில்தான் என்று முடிவுக்கு வந்தாள். ஒரு மெஸ் என்றால் அடுப்படி எப்படி இருக்கும், வெள்ளை வெளேரென்று, காற்றும் வெளிச்சமுமாக, கை நீட்டினால் சாமான் கிடைக்கிற மாதிரி இருக்கும். நைனார்பாளையத்தில் பிறந்த வீட்டுப் பங்காக அவளுக்கு முக்கால் ஏக்கர் மரவள்ளி இருந்தது. கிழங்கு பிடுங்கிய முதல் வருடம் கொத்தனார் பிச்சைமுத்துவைக் கூப்பிட்டுத் தரை அடுப்பை இடித்து, நின்றுகொண்டு சமைக்கிற மேடை கட்டினாள். புகைப்போக்கி வைத்தாள். கண்ணில் புகை போகாததால் தாளிப்பு பதத்துக்கு வந்தது, கடுகு ஒன்றுகூடக் கருகவில்லை. அந்த வாரமே பொன்னுரங்கம், மெஸ்ஸில் இப்போது தாளிப்பே வேறு மாதிரி என்றார். காசியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வெள்ளாமை வரைக்கும் பொறுத்து, கேஸ் அடுப்பும் கிரைண்டரும் வாங்கினாள். மாவு வெண்ணெயாக அரைந்தது. மெஸ்ஸில் இன்றைக்கு வடை போட்டார்கள், பஞ்சு தோற்றுப்போகும் என்றார் பொன்னுரங்கம். அவள் கடப்பாக்கல் பலகை போட்டு மசாலா டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள், மெஸ் ரசத்தில் மிளகு வாசம் தூக்கலாக வந்தது. அவள் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினாள், மெஸ் பொரியல் நிறம் மாறாமல் பச்சையாக இருந்தது. எத்தனை செய்தாலும் அந்தக் கை ஒரு படி மேலேயே இருந்தது. ஆறாவது வருடம் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவரில் பரிமாற ஒரு ஜன்னல் உடைத்து, கூடத்தில் நாலு நாற்காலியோடு மேசை போட்டு, வாழையிலைக் கட்டு ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள். பொன்னுரங்கம் சுற்றிப் பார்த்தார். "வூட்டை ஓட்டலாக்கிட்டே. அவங்க ஓட்டல்ல வூட்டு சாப்பாடு போடறாங்க" என்றார். காசியம்மாள் அன்று இலைக்கட்டைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தாள்.

விஷயம் வெளிப்பட்டது தொண்ணூற்று இரண்டில், சுவருக்கு உச்சிவரை வெள்ளை டைல்ஸ் ஒட்டியபோது. ஒட்டிக்கொண்டிருந்த பிச்சைமுத்து, மதியம் மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்து, ஏப்பத்தோடு சிமெண்டைக் குழைத்தார். பேச்சுவாக்கில், "அந்தக் கேவுரு களியும் கருவாட்டுக் கொழம்பும் சாப்ட்டா ஒடம்புல வேலை செய்ய தெம்பு தானா வருதுங்க" என்றார். காசியம்மாள் கையிலிருந்த டைல்ஸைக் கீழே வைத்தாள். அன்று காலை அவள் வைத்தது கீரைக் கூட்டு, பொன்னுரங்கமோ முந்தின நாள் மெஸ்ஸில் மோர்க்குழம்பு என்றிருந்தார், முந்தின நாள் அவள் வைத்ததும் மோர்க்குழம்புதான். "மெஸ்ஸுல களியா போடறாங்க?" என்றாள். "எனக்குப் போடறாங்களே" என்றார் பிச்சைமுத்து. "எங்கூட்டு இருசம்மா வெக்கிறாளே களி, அது நாய்கூட மோந்து பாக்காது. அதுலயும் தெனம் மத்தியானம் பானையில பூனை வாய் வெச்சிடுதுன்னு ஒரு பொலம்பல் வேற." காசியம்மாள் தன் சோற்றுப் பானையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இலைக்காரருக்கு என்ன விழுகிறது என்று பார்த்ததில்லையா என்று கேட்டாள். பிச்சைமுத்துவுக்கு முகம் சுருங்கியது. அடுத்தவன் இலையைப் பார்த்தால் கண்ணுபடும், மானமுள்ளவன் எவனாவது பார்ப்பானா என்றார்.

மறுநாள் காசியம்மாள் புதுச் சுவர் பளபளக்க, குழம்பிலும் ரசத்திலும் பொரியலிலும் ஒரு கல் உப்புக்கூடப் போடாமல் சமைத்தாள். ஒன்றேகாலுக்கு மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சோறு தானாக விலகி, நாலு கரண்டி அளவுக்குக் குழியானது. சத்தம் ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் பொன்னுரங்கம் வந்தார். "பாவம், மெஸ்ஸுல இன்னிக்கி உப்பே போடலை. அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு இன்னாவோ. கேக்கவும் மனசு வரலை, பேசாம சாப்ட்டு வந்துட்டேன்." காசியம்மாளுக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏழு வருடமாக அவர் நாக்கில் நின்ற குழம்பு அவளுடையது. நல்லா இருக்கு என்ற வார்த்தையும் அவளுக்கு உரியதுதான், விலாசம் மாறிப் போய்விட்டது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் உப்பில்லாத சாப்பாட்டைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, சமைத்தவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைக்கிற மனுஷன் ஒருவர் தன் புருஷனுக்குள் இருந்தார் என்பதையும், அவரைத் தனக்கு ஒரு நாளும் காட்டியதில்லை என்பதையும் அவளால் பொறுக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். பொன்னுரங்கம் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒனக்குப் பொறாமை முத்திப்போச்சு காசி" என்றார்.

பிறகு காசியம்மாள் விசாரித்ததில் தெரிந்த விவரங்கள் இவை. கல்வராயன் மலையிலிருந்து தேனும் கடுக்காயும் எடுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கும் சின்னக்கண்ணுவுக்கு, மெஸ் இலையில் ஆவி பறக்கச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் விழுந்தன. அந்நேரம் மலைமேல் அவர் வீட்டில் பானை குறைந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்கியும் சோறு ஆறவில்லை. புதிதாகக் கல்யாணமான தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு ஆறு மாதம் அடிப்பிடித்த சோறு விழுந்தது, ஏழாவது மாதத்திலிருந்து சரியானது. பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொள்ளும் லாட்டரிச்சீட்டுப் பழனி ஒரு நாள் உட்கார்ந்தபோது, வாளியிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றியும் இலை காலியாகவே இருந்தது. பழனி இலையில் தெளித்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, எங்க வூட்டு சாப்பாடு சரியாத்தான் போட்டிருக்காங்க என்று எழுந்து போனான். அஸ்ரப் நிஷா சமைத்த சாப்பாடு எங்கே போனது என்பதை மட்டும் இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாளி காலியாகும், ஆனால் யார் வாயிலும் போகாது. அந்த வருடங்களில் கோமுகி ஆற்றங்கரைக் காக்கைகள் கொழுத்திருந்தன என்று சிலர் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது.

ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு, மெஸ் மூடிய நேரம் பார்த்து, காசியம்மாள் பின்வாசல் வழியாகப் போனாள். போர்டில் இத்தனைக்கும் காரணமான 'உங்கள்' என்ற அந்த ஒரு வார்த்தையை அழிக்கவைக்காமல் திரும்புவதில்லை என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனவள், உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டாள். அது கீற்றுக் கொட்டகை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஈர மண்ணில் மூன்று கல் கூட்டிய அடுப்பு இரண்டு, சுவரெல்லாம் கரி, புகை வெளியேற வழியில்லாமல் இவளைப் பார்த்து வந்தது. ஏழு வருடமாக மேடையும் டைல்ஸும் ஃபேனுமாக அவள் தோற்கடிக்கப் பார்த்த அடுப்படி இதுதான். நடுவில் ஒரு ஒல்லியான அம்மாள், உடைந்த காதை நூலால் கட்டிய கண்ணாடி போட்டுக்கொண்டு வாளி கழுவிக்கொண்டிருந்தாள். கையைப் பார்த்தாள் காசியம்மாள். கை மாதிரிதான் இருந்தது.

"எங்க வூட்டு சாப்பாட்டை எடுத்து எங்க வூட்டுக்காரருக்கே போடறீங்களே, இது இன்னா நாயம்?" என்றாள்.

அஸ்ரப் நிஷா திடுக்கிடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள். "ஒக்காருங்கக்கா. யாராவது ஒருத்தர் வந்து கேப்பாங்கன்னு ஏழு வருஷமா பாத்துக்கினு இருக்கேன். நான் ஊத்தறது ஒண்ணு, எலையில விழறது ஒண்ணு. தெரைக்குப் பின்னால நின்னு பாத்துக்கினுதான் இருக்கேன். நல்லாருக்கு நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க. எனக்கு ஒண்ணுகூட ஒட்டலை. அவுரு மவுத்தானப்புறம் என் கைச்சோறு ஒருத்தர் வாயிலயும் போனதில்ல."

"அப்போ அந்த 'உங்கள்'ளை அழிச்சிட வேண்டியதுதானே?"

"அழிச்சிடலாம். அழிச்சா நான் ஆக்குனதைச் சாப்புடுவாங்க. புடிக்காமப் போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு அஸ்ரப் நிஷா கழுவிய வாளியைக் கவிழ்த்துவைத்தாள். "நீங்க ஒருவாய் சாப்ட்டுச் சொல்லுங்க. நீங்க சமைக்கிற கொழம்பை நான் தெனம் மோந்து பாக்கறேன், ஒங்க நாக்கை நம்பலாம். நல்லாருக்குன்னு நீங்க சொன்னா அன்னிக்கே மாயவனைக் கூப்ட்டு அழிச்சிடறேன்."

மெஸ்ஸுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் காசியம்மாளுக்கு அவள் வீட்டுக் குழம்புதான் விழும் என்பதால், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அஸ்ரப் நிஷாவே காசியம்மாள் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் நுழைந்து, டைல்ஸைத் தொட்டுப் பார்த்தாள், கடப்பாக்கல்லைத் தடவினாள், ஃபேன் சுற்றுவதை அண்ணாந்து பார்த்தாள். "இந்த மாதிரி ஒரு அடுப்படி கெடைச்சா நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்கக்கா" என்றாள். அவள் பார்வையில் இருந்தது என்னவென்று காசியம்மாளுக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்தது, ஏழு வருடம் அதைக் கண்ணாடியில் பார்த்தவள். தன்னைப் பார்த்து ஒருத்தி வயிறெரிகிறாள் என்று உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பெரிய மனசாக, எல்லா டப்பாவையும் திறந்து காட்டினாள்.

அஸ்ரப் நிஷா தால்ச்சா வைத்தாள். எலும்பு, பருப்பு, கத்திரிக்காய், வாழைக்காய், கொஞ்சம் புளி, அவ்வளவுதான். காசியம்மாளை மேசையில் உட்காரவைத்து, இலை போட்டு, அந்தப் பரிமாற ஜன்னல் வழியாகச் சோற்றை நீட்டினாள். அந்த ஜன்னல் வழியாகச் சாப்பாடு வந்தது அதுதான் முதல் தடவை. காசியம்மாளுக்கும் தன் வீட்டில் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் சுடச்சுடப் போட்டுச் சாப்பிடுவது வெகு காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது. புளியும் கொழுப்பும் எங்கே சேர்ந்தன, எங்கே பிரிந்தன என்று அவள் நாக்கால் தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. கத்திரிக்காய் குழைந்தும் இருந்தது, முழுசாகவும் இருந்தது. தன்னால் இப்படி வைக்க முடியாது, இன்னும் மூன்று சுவர் இடித்தாலும் முடியாது என்று இரண்டாவது வாயிலேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது வாயில், ஒன்றேகால் மணிக்குப் பொன்னுரங்கம் இதை வாயில் வைக்கிறபோது அவர் முகம் எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் பார்த்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு உண்மையான பொறாமை வந்தது. ஏழு வருடமாக அவள் எரிந்ததெல்லாம் தன் குழம்பைப் பார்த்துத் தானே எரிந்ததுதான். இது வேறு. இது அடிவயிற்றில் ஆரம்பித்துக் காதுமடல் வரை வந்தது. இந்தக் கைக்கும் பொன்னுரங்கத்தின் நாக்குக்கும் நடுவில் இன்றைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தடுப்பாக இருக்கிறது, அதை அழிக்கச் சொல்லித்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனோம் என்று நினைத்தபோது அவளுக்கு வேர்த்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அஸ்ரப் நிஷா கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் அப்படி நிற்பது என்றால் என்னவென்று காசியம்மாளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் கிடையாது. தெரிந்தும், வாயைத் திறந்து சொன்னாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

அஸ்ரப் நிஷா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "கொறை சொல்லிட்டீங்க" என்றாள். "ஏழு வருஷத்துல என் சமையல்ல கொறை சொன்ன மொத ஆளு நீங்கதான்கா. நல்லாருக்கு நல்லாருக்குன்னு யார் யார் கொழம்பையோ எங்கிட்ட சொல்லிக்கினு இருந்தாங்க. இது என்னுது. என் உப்பு." போர்டை அழிப்பதைத் தள்ளிப்போடலாம், அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை வைத்துப் பார்க்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசியம்மாள் சரி என்றாள். அஸ்ரப் நிஷா போனதும் சட்டியில் மிஞ்சியதை ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டு, சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, வாசனை போகும்வரை ஃபேனை ஓடவிட்டாள். பொன்னுரங்கம் வந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. அஸ்ரப் நிஷா வந்து சமைப்பாள், காசியம்மாள் சாப்பிட்டுவிட்டு உப்பு கொஞ்சம் கம்மி என்பாள், சரிக்கா அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று அவள் போவாள். ஃபேன் ஓடும். வருடங்கள் போயின. சிம்னி வந்தது, இழுப்பறை அலமாரிகள் வந்தன, கடப்பாக்கல் போய்க் கருப்பு கிரானைட் வந்தது. எது மாற்றினாலும் அஸ்ரப் நிஷாவின் உயரத்துக்கு அளவெடுத்தே மாற்றினார்கள். பிச்சைமுத்து ஏன் என்று கேட்டதற்கு, சொன்ன அளவுக்குக் கட்டுங்க என்றாள் காசியம்மாள். ஒன்றேகாலுக்குக் குழி விழுந்துகொண்டுதான் இருந்தது, அவள் ஒரு ஆளுக்குச் சேர்த்து உலை வைத்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது பேய் என்று பயப்படாமல், நல்ல துண்டுகளைப் பார்த்துச் சட்டியின் நடுவில் நகர்த்திவைத்தாள். சாயங்காலம் பொன்னுரங்கம் மெஸ் குழம்பைப் புகழ்ந்தால், புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்பாள். ஓய்வு பெற்ற பிறகும் அவர் குடை பிடித்துக்கொண்டு மதியம் மெஸ்ஸுக்கு நடந்து போனார். வெயில் அவருக்கு அதன்பிறகு உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் பழைய டிரைவர்களோடு பேசப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு திரும்புவார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, காசியம்மாள் வழக்கம்போல் முதல் வாயை வைத்து, வழக்கம்போல் சொல்ல வாயைத் திறந்தபோது, உண்மையிலேயே உப்பு கொஞ்சம் கம்மியாக இருந்தது. ஒரு சிட்டிகை. வேண்டுமென்றே அளந்து குறைத்ததுபோலச் சரியாக ஒரு சிட்டிகை. இது இன்றைக்கா, போன வருடமா, பத்து வருடமாகவே இப்படித்தானா என்று யோசித்துப் பார்த்தாள். சொல்லிப் பழகிய வாய்க்கு நாக்கு சொன்னது கேட்டிருக்காது. இந்த வாய் பொய் சொல்ல வேண்டியிருக்கக் கூடாது என்று ஒருத்தி தன் கையை ஒரு சிட்டிகை குறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது புரிந்தபோது, இந்த மனசிலும் அவள் தன்னை ஜெயித்துவிட்டாளே என்று காசியம்மாளுக்கு மறுபடியும் பொறாமையாக இருந்தது. அஸ்ரப் நிஷா முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள் காசியம்மாள்.

"அப்டிங்களாக்கா" என்றாள் அஸ்ரப் நிஷா, திரும்பாமல். "அடுத்த வாரம் பாக்கறேன்."

மெஸ் இன்னும் இருக்கிறது. போர்டும் அதே தகரம்தான். வெயிலிலும் மழையிலும் எழுத்துகள் மங்கியதும், காசியம்மாள் தன் அடுப்படி ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டை டப்பாவோடு மாயவனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, 'உங்கள்' என்ற வார்த்தைக்கு மட்டும் இரண்டு கோட்டிங் அடிக்கச் சொன்னாள். மத்த எழுத்தெல்லாம் என்று மாயவன் கேட்டான். "அது அவங்க பாடு" என்றாள். ஒவ்வொரு தை மாதமும் அப்படியே நடக்கிறது. இப்போது மற்ற எழுத்துகள் துரு ஏறி, கிட்டப் போய் நின்றால்தான் படிக்க முடியும். ஒன்று பத்துக்குக் கிளம்பும் வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருபவர்களுக்குத் தகரத்தின் நடுவில் நீலமாக 'உங்கள்' என்று மட்டும் தெரியும். எது தங்களுடையது என்று யாரும் கேட்பதில்லை, பஸ் திரும்பி மலைப் பக்கம் போய்விடும்.